வலையில் கிடந்த திருக்கையும் பல்லடத்துக் கிணறும்

அவளுடைய இறக்கையின் நுனி மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

தூரத்திலிருந்து பார்த்தபோது, பாறைமேல் யாரோ கறுப்புத் தார்ப்பாயைப் போட்டுவிட்டுப் போனதுபோல் இருந்தது. கிட்டே போகப் போக வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. குருவித் திருக்கை. நன்றாக வளர்ந்த பெண். நான் இரண்டு கைகளையும் விரித்தாலும் அவள் அகலத்துக்குக் காணாது.

பவளப் பாறையில் சிக்கி அறுந்துபோன வலை ஒன்று அவளைத் தலை முதல் வால் வரை சுற்றியிருந்தது. மெல்லிய நைலான் நரம்பில் பின்னுகிற தங்கூசி வலை. தண்ணீருக்குள் அது கண்ணுக்கே தெரியாது. அவள் துள்ளித் துள்ளி இன்னும் இறுக்கிக்கொண்டிருக்க வேண்டும். தோலில் கோடு கோடாக வெட்டு. துள்ளுவதற்குத் தெம்பில்லாமல் கிடந்தாள்.

என் பக்கத்தில் துரைசாமி சார் மிதந்துகொண்டிருந்தார். எந்த முக்குளிப்பிலும் ஒருவருக்கு ஒருவர் துணை இருக்க வேண்டும். அவர் எனக்குத் துணை, நான் அவருக்கு. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கெண்டைக்காலில் கட்டியிருந்த கத்தியைத் தொட்டுக் காட்டினார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். கட்டை விரலை மேலே காட்டினேன். மேலே போய்ச் சொல்லலாம் என்று அர்த்தம். அதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்த விதி.

அவர் என் கட்டை விரலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

கடல் இல்லாத ஊரிலிருந்து

இந்தத் தொடரைப் படிக்கிற சிலர், கோயமுத்தூர்க்காரிக்குக் கடலுக்குள் என்ன வேலை என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. எங்கள் ஊரிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் மலைதான் தெரியும்.

நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வருஷக்கணக்காக நின்றே வேலை பார்த்ததில் இடுப்பு வலி வந்தது. எங்கள் எலும்பு டாக்டர், மாத்திரையைக் குறைத்துவிட்டு நீந்துங்கள் சிஸ்டர் என்றார். நாற்பதை நெருங்கும் வயதில், நீச்சல் குளத்தின் ஆழம் குறைந்த பக்கத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு குழாயைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துப் பழகினேன். குளோரின் வாடை ராத்திரிவரை தலைமுடியை விட்டுப் போகாது.

இடுப்பு வலி போனது. தண்ணீர் போகவில்லை. அதே குளத்தில் முதுகில் சிலிண்டர் கட்டி முக்குளிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அதிலும் சேர்ந்தேன். லீவு கிடைக்கிற நாட்களில் உக்கடத்திலிருந்து ஒரு வேனில் ஏழெட்டுப் பேர் கிளம்பி, விடிகிறபோது கிழக்குக் கரையில் இறங்குவோம். ஓர் ஆடிட்டர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பதி, நான், துரைசாமி சார். இப்படி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஆட்கள். முதலில் போனது வேடிக்கை பார்க்கத்தான்.

அமலி வந்த பிறகுதான் அது வேறொன்றானது.

அமலி கடற்கரை ஊரில் பிறந்தவள். கடலில் தீவுகளையும் பவளப் பாறைகளையும் சேர்த்துக் காப்பகமாக வைத்திருக்கிறார்களே, அங்கே திருக்கைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். அவளோடு இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். கடலோ பெரிது. அதனால் எங்களைப் போலப் பொழுதுபோக்குக்கு முக்குளிக்கிறவர்களைத் தேடி நீச்சல் குளத்துக்கே வந்தாள்.

சுவரில் இரண்டு படங்களைக் காட்டினாள். இரண்டிலும் குருவித் திருக்கை. ஒரே மீனா, வேறு வேறா என்று கேட்டாள். எங்கள் கண்ணுக்கு ஒரே மீன்தான். பிறகு அவள் முதுகுப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். ஒன்றில் வால் பக்கம் மூன்று புள்ளிகள் சேர்ந்து ஒட்டியிருந்தன. மற்றதில் அது இல்லை. நமக்குக் கைரேகைபோல அதற்கு முதுகு. ஒரு திருக்கையின் புள்ளி இன்னொன்றுக்கு இருக்காது.

அவள் கேட்டது அதிகமில்லை. நாங்கள் காப்பகத்தில் அனுமதியோடு இறங்குகிறபோது, கண்ணில் படுகிற திருக்கையின் முதுகை மேலிருந்து படம் எடுக்க வேண்டும். எங்கே, எவ்வளவு ஆழத்தில், ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டும். அதைக் கொண்டு எது வருகிறது, எது போகிறது, எது திரும்ப வரவேயில்லை என்று அவள் கண்டுபிடித்துக்கொள்வாள். விரட்டக் கூடாது, தொடக் கூடாது. ஏதாவது ஆபத்து என்றால் மேலே வந்து சொல்ல வேண்டும். நீங்களாக எதையும் செய்யாதீர்கள் என்று அன்றைக்கே இரண்டு தடவை சொன்னாள்.

நான் முதன்முதலில் பார்த்த திருக்கை மணலை வாத்து மூக்கால் கிளறிக்கொண்டிருந்தது. சிப்பியை எடுத்து வாயில் போட்டு உடைத்தது. அந்தச் சத்தம் தண்ணீருக்குள் எனக்குக் கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ பொரிகடலை மெல்வதுபோல. அன்று வேன் பல்லடம் தாண்டும்வரை அந்தச் சத்தம் காதிலேயே இருந்தது.

எந்த ஊருங்க?

துரைசாமி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பல்லடத்துக்குப் பக்கத்தில் தோட்டம், விசைத்தறி, கோழிப் பண்ணை எல்லாம் உள்ள குடும்பம். ஐம்பதைத் தொட்டவர். பிள்ளைகள் வெளிநாட்டில். நீச்சல் அவருக்கு நடக்கிற மாதிரி. குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. டிரைவரைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார்.

குளத்தில் பயிற்சி நடந்த காலத்தில் ஒருநாள் எங்களை ஜோடியாக நிறுத்தினார்கள். தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் அவர் கேட்டார்.

“ஏனுங்க சிஸ்டர், உங்களுக்கு எந்த ஊருங்க?”

ஊர்ப் பெயரைச் சொன்னேன். அட, நம்ம பக்கந்தான் என்று முகம் மலர்ந்தது. ஊருக்குள் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

“மாதா கோயில் வீதிங்க.”

“ஓ, அப்படிங்களா” என்றார். அவ்வளவுதான்.

அன்றைய பயிற்சி, துணைக்குக் காற்று தீர்ந்துபோனால் ஒரே சிலிண்டரிலிருந்து இருவரும் மூச்சு விடுவது. ஒருவர் தன் மூச்சுக் குழாயைக் கொடுக்க, மற்றவர் வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். துரைசாமி சார் பயிற்சியாளரிடம் போய் மெதுவாக ஏதோ சொன்னார். ஆடிட்டர் என் பக்கம் வந்து நின்றார். துரைசாமி சார் வேறு ஜோடிக்குப் போனார்.

பயிற்சியாளர் வெளி ஊர்க்காரர். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. துரைசாமி சார் முகத்தில் வெறுப்பு எதுவும் இல்லை. ரோட்டில் குழியைப் பார்த்து வண்டியை ஒதுக்குவதுபோல ஒதுக்கினார். நான் கொங்குச் சீமையில் வளர்ந்தவள். எங்கள் பக்கத்து மரியாதையான பேச்சுக்குள் எது எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவரும் நானும் எப்படி ஜோடியானோம் என்றால், அது காற்றின் கணக்கு. ஒவ்வொருவரும் மூச்சு விடுகிற வேகம் வேறு. பதறுகிறவர்களுக்குச் சிலிண்டர் சீக்கிரம் காலியாகிவிடும். ஜோடியில் ஒருவருக்குத் தீர்ந்தால் இருவருமே மேலே வர வேண்டும். படகில் எல்லோருடைய மீட்டரையும் பார்த்துவிட்டு அமலி சொன்னாள்:

“அக்கா, நீங்களும் அண்ணனும் இனிமே ஒரு ஜோடி. உங்க ரெண்டு பேருக்குந்தான் காத்து ஒண்ணுபோல நிக்கி.”

துரைசாமி சார் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். சரிங்க என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சேர்ந்து இறங்கினோம். தண்ணீருக்குள் அவருடைய கை என்ன சொல்கிறது என்பது என் கைக்குத் தெரியும். படம் எடுப்பதில் அவர் கெட்டி. திருக்கையின் நிழல்கூடக் கலையாமல் மேலே போய் நிற்பார். வாலடியைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வது என் வேலை. மேலே வந்தால் மழை, முட்டை விலை, ரோடு வேலை. அதற்குமேல் பேச்சு கிடையாது. எனக்கும் அது போதுமாக இருந்தது.

கத்திரி

இனி அந்தக் காலைக்குத் திரும்புகிறேன்.

நான் கட்டை விரலால் சொன்னதை அவர் கேட்கவில்லை. கத்தியை உருவிக்கொண்டு அவளிடம் போனார். தினமும் லாரி லாரியாகக் கோழி ஏற்றி அனுப்புகிற மனிதர். அன்று அந்த இறக்கை நுனியைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

தலைப் பக்கம் நாலைந்து நரம்பை அறுத்திருப்பார். அவள் ஒரு தடவை உடம்பை உதறினாள். கிழிந்த வலை மொத்தமும் தண்ணீரில் எழும்பி, துணி காயப்போட்டதுபோல விரிந்து, அவருடைய முதுகுச் சிலிண்டர்மேல் படிந்தது. அவர் என்ன என்று திரும்பினார். திரும்பியதில் வலை குழாயோடு சேர்ந்து இழுபட்டு, மூச்சுக் குழாய் அவர் வாயைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு முதுகுப் பக்கம் போய்விட்டது. கத்தி எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.

கையைப் பின்னால் விட்டுத் துழாவினார். கிடைக்கவில்லை. மாஸ்குக்குள் அவர் கண்கள் பெரிதாவதைப் பார்த்தேன். அந்தக் கண்களை நான் தியேட்டரில் பார்த்திருக்கிறேன், மயக்க மருந்து ஏறுவதற்கு முன்னால்.

என் மார்பில் இன்னொரு மூச்சுக் குழாய் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. துணைக்குக் கொடுக்க வேண்டியது அதுதான். அதை எடுத்து நீட்டத்தான் போனேன். மூச்சுக்குத் தவிக்கிறவர்களுக்கு அதெல்லாம் தெரியாது. எங்கே குமிழி வருகிறதோ அங்கேதான் கை போகும். அவர் என் வாயிலிருந்ததைப் பிடுங்கித் தன் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

உப்புத் தண்ணீர் என் தொண்டைவரை வந்துவிட்டது. மார்பில் இருந்ததைத் தேடி எடுத்து வாயில் வைத்து, தண்ணீரை ஊதி வெளியே தள்ளி, மூச்சு இழுத்தேன். பிறகு அவருடைய தோள் பட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு முகத்துக்கு நேராக முகத்தை வைத்தேன். என்னைப் பாருங்கள், என்னைப் போல இழுத்து விடுங்கள் என்று கையை ஏற்றி இறக்கிக் காட்டினேன். அவர் கைகள் என் இரண்டு முழங்கைகளையும் பற்றியிருந்தன. அந்த நகப்பதிவு ரொம்ப நாள் மறையவில்லை.

முக்குளிக்கிறவர்கள் கத்தி வைத்திருப்பார்கள். நான் வைத்திருப்பது கட்டுத் துணி வெட்டுகிற ஆஸ்பத்திரிக் கத்திரி. கை பழகியது. ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவர் முதுகைச் சுற்றியிருந்த நரம்புகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். அவசரப்பட்டால் நானும் மாட்டிக்கொள்வேன் என்று தெரியும். எவ்வளவு நேரம் ஆனதென்று சொல்லத் தெரியவில்லை. கடைசி இழை அறுந்ததும் அவர் உடம்பு சட்டென்று லேசாகிவிட்டது.

என் சிலிண்டர் ஒன்றிலிருந்து இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டு, அவசரப்படாமல் மேலே ஏறினோம்.

ஏறுகிறபோது நான் ஒரு தடவை கீழே பார்த்தேன். அவள் அப்படியே கிடந்தாள்.

படகில்

அவரைப் படகில் தூக்கிப் போட்டதும் கடல் தண்ணீராகக் கக்கினார். நான் நாடி பிடித்தேன், உதட்டின் நிறம் பார்த்தேன், முதுகில் காது வைத்துக் கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அமலி வலை வெட்டும் கருவிகளை எடுத்துக்கொண்டு இன்னொருவரோடு இறங்கினாள். நான் இறங்கவில்லை. அவரைத் தனியாக விட முடியாது.

கீழே நடந்தது அமலி பிறகு சொன்னது. வாலடியில் விஷ முள் இருப்பதால் தலைப் பக்கமாக நின்றுதான் வெட்டியிருக்கிறார்கள். பாதி வெட்டும்போதே அவளுடைய உடம்பு இறுகித் தளர்ந்ததாம். குட்டி வெளியே வந்தது. அடுத்தடுத்து மூன்று. உயிருக்கு ஆபத்து என்றால் வயிற்றுக் குட்டியைப் பாதியிலேயே தள்ளிவிடும் மீன் இது. இரண்டு அசையவில்லை. ஒன்று இறக்கையை விரித்து மணலோடு மணலாகக் கொஞ்ச தூரம் போய், பாறைக்குப் பின்னால் மறைந்தது. அது பிழைத்திருக்குமா என்று கேட்டேன். மாசம் நிறையாத குட்டிதானே அக்கா என்றாள்.

தாய் விடுபட்டு நீந்திப் போனாள். ஒரு பக்க இறக்கை கிழிந்திருந்தது.

பரிசோதனைக்காக அமலி ஒரு குட்டியை மேலே கொண்டுவந்தாள். நான் வாங்கிக்கொண்டேன். வெற்றிலையைச் சுருட்டினதுபோல இரண்டு இறக்கைகளும் உடம்பின்மேல் சுருண்டிருந்தன. மெல்ல விரித்துப் பார்த்தேன். முதுகில் புள்ளிகள் அதற்குள்ளேயே வந்துவிட்டிருந்தன. தன் புள்ளிகள். பிரசவ வார்டில் வேலை பார்த்த காலத்தில், அழாத பிள்ளைகளையும் குளிப்பாட்டித் துணியில் சுற்றித்தான் கொடுப்போம். என் துண்டை நனைத்து அதைச் சுற்றி வைத்தேன்.

துரைசாமி சார் கேட்டார்.

“நானு கை வெக்காம மேல வந்து சொல்லியிருந்தா, குட்டி தங்கியிருக்குமுங்களா?”

அமலி பொய் சொல்கிறவள் இல்லை. “தெரியாதுண்ணே” என்றாள். கொஞ்சம் கழித்து, “நீங்க போகாட்டாலும் இப்படி ஆயிருக்கலாம்” என்றாள்.

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். ஊர் திரும்பும் வழியில் பல்லடத்தில் இறங்கும்போது எப்போதும் எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் போவார். அன்று சொல்லவில்லை.

ஒரு போன்

அதன் பிறகு அவர் வரவில்லை. அடுத்த பயணத்துக்கும் இல்லை, அதற்கடுத்ததற்கும் இல்லை. கூப்பிட்டால் தறியில் வேலை என்றார்.

நான் மனதுக்குள் வேறு காரணம் வைத்திருந்தேன். என் வாயிலிருந்ததைத் தன் வாயில் வைத்தது அவருக்கு உறுத்துகிறது என்று நினைத்தேன். உயிர் பிழைத்த பிறகு மனிதர்களுக்கு எல்லாம் நினைவுக்கு வரும். கசப்பாகத்தான் இருந்தது. வார்டில் யாராவது என் கையால் தண்ணீர் வாங்கத் தயங்கினால் சிரித்துவிட்டுப் போகிறவள் நான். இதைச் சிரித்துத் தள்ள முடியவில்லை.

அமலிக்கு வேறு கவலை. அந்தப் பாறை விளிம்பு திருக்கைகள் குட்டி போடும் இடமாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. ஒரு செத்த குட்டியை வைத்து யாரையும் நம்ப வைக்க முடியாது. குட்டி போடும் பருவம் முழுக்கக் கவனமாகத் தேட ஆள் வேண்டும், அதுவும் நீண்ட நேரம் கீழே இருக்கக்கூடிய ஜோடி.

ஒருநாள் மத்தியானம் வேலை முடிந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது துரைசாமி சாரிடமிருந்து போன் வந்தது. சுகம் விசாரித்தார். பிறகு சொன்னார்.

“அம்மணி, எனக்குத் தண்ணியக் கண்டாலே ஒடம்பு நடுங்குதுங்க. குளிக்கறப்ப மொகத்துல சொம்புத் தண்ணி ஊத்த முடியறதில்ல. யாருகிட்டயும் சொல்லுல.”

சிஸ்டர் போய், எங்கள் பக்கம் வீட்டுப் பெண்களை அழைப்பதுபோல அவர் என்னை அம்மணி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் நினைத்திருந்தது ஒன்று, நடந்திருந்தது ஒன்று.

நீச்சல் குளத்துக்குப் போய்ப் பார்த்தாராம். பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் இறங்கவே முடியவில்லையாம். தான் நீச்சல் பழகிய கிணற்றில் என்றால் ஒருவேளை முடியும். நீங்கள் கூட இருந்தால் இறங்கிப் பார்ப்பேன் என்றார். அவர்கள் தோட்டத்துக் கிணறு.

எனக்கு ஏன் நாற்பது வயதுவரை நீந்தத் தெரியவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் கிணற்றுக்குப் பஞ்சமில்லை. என் அப்பா கிணறு வெட்டும் கூட்டத்தில் இருந்தவர். பாறைக்கு வெடி வைத்து, கல்லைக் கூடையில் ஏற்றி, நாளெல்லாம் அடியில்தான் கிடப்பார். இன்றைக்கும் அந்தக் கல் தூசி அவருக்கு இருமலில் வருகிறது. தண்ணீர் வரும்வரை கிணறு எங்களுடையது. ஊற்று உடைந்ததும் தோட்டத்துக்காரர் தேங்காய் உடைத்துப் பூசை போடுவார். அப்பா மேலே ஏறிவிடுவார். அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் யாரும் அதில் இறங்கக் கூடாது. வெயில் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் குதிக்கிற சத்தம் மட்டும் எங்கள் வீதிவரைக்கும் கேட்கும்.

போனில் நான் சொன்னேன்: “சார், அது யாரு கெணறுன்னு எனக்குத் தெரியுமுங்க. நானு யாருன்னு உங்களுக்கும் தெரியும். வரலாமுங்களா?”

அவர் மூச்சு விடுவது கேட்டது.

“வாங்க” என்றார்.

பங்குக் கிணறு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாதா கோயிலில் பூசை முடிந்து, சிலிண்டரைக் காரில் போட்டுக்கொண்டு போனேன்.

அகலமான சதுரக் கிணறு. வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்த மாதம். பாதிக்குமேல் நிறைந்து பச்சையாகக் கிடந்தது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கல்படிகள் பாசி பிடித்திருந்தன. மேலே வேலா மரக் கிளையில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தண்ணீரைப் பார்த்துத் தொங்கின.

துரைசாமி சார் அரைக்கால் சட்டையோடு மூன்றாவது படியில் நின்றார். ஒரு கை சுவரை விடவில்லை. நான் அவருக்குக் கீழே, தண்ணீரைத் தொடும் படியில், சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது மேலே ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். துரைசாமி சாரின் பெரியப்பா மகன். அது அவர்கள் இருவருக்கும் பங்குள்ள கிணறு. என்னைப் பார்த்தார். என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். நான் யார் என்று யாராவது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும், எப்படியோ தெரிந்திருந்தது.

“ஏனப்பா தொரசாமி, இது பங்குக் கெணறு. ஒரு வார்த்த கேட்டுப்போட்டுச் செஞ்சிருக்கலாமல்ல?”

கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் இதையெல்லாம் கோபமாகச் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு வாயில் பதில் இருந்தது. சொல்லவில்லை. அது அவர் சொல்ல வேண்டிய பதில். நான் திரும்பி ஏறிப் போய்விடவும் இல்லை. குளிர்ந்த கல்லில் பாதத்தை ஊன்றிக்கொண்டு நின்றேன். அவர் பேசாவிட்டால் அதோடு முடிந்தது, கடலும் முடிந்தது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

துரைசாமி சார் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு பயம் ஒன்றாக வந்து நின்ற நேரம் அது. பிறகு தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

“எம் பங்குல எறங்கறாங்க. பாதித் தண்ணி எம்படது.”

மேலே நின்றவர் திரும்பிப் போனார்.

தண்ணீரில் பாதி எங்கே இருக்கிறது? அதற்கு வரப்பு போட முடியுமா? அப்படியெல்லாம் பிறகுதான் யோசித்தேன். அந்த நேரத்தில், அவர் அதையாவது சொன்னார் என்று இருந்தது. அதற்கு மேல் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்றும் இருந்தது. இரண்டும் உண்மை.

நான் முதலில் இறங்கினேன். கையை நீட்டினேன். அவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

முகத்தை நனைக்கவே நெடுநேரம் ஆனது. பிறகு என் மார்புக் குழாயை அவரிடம் கொடுத்தேன். வாங்கி வாயில் வைத்துக்கொண்டார். ஓர் ஆள் ஆழம் போனோம். நடுங்கினார், மேலே வந்தோம். மறுபடி போனோம். வெயில் ஏறி உச்சிக்கு வந்தபோது, இருவரும் அடியைத் தொட்டுவிட்டு வந்தோம். கரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அவர் அழுதார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கருவிகளைக் கழற்றினேன்.

மதியச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்குக் கூப்பிட்டார். டூட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். டூட்டி உண்மைதான்.

அன்று சாயங்காலம் அந்தப் பெரியப்பா மகன் மோட்டாரைப் போட்டுவிட்டு விடியும்வரை ஓட விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். பயிருக்கா, தண்ணீரை மாற்றவா என்று நான் விசாரிக்கவில்லை.

முறம் அகலம்

அந்தப் பருவம் முழுக்க நானும் துரைசாமி சாரும் அமலிக்காக இறங்கினோம். பாறை விளிம்பில் தேடியதில் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு கரைப் பக்கம், கடற்புல் வளர்ந்த ஆழமில்லாத மணல் திட்டுகளில் தேடச் சொன்னாள். பல தடவை வெறுங்கையோடு ஏறினோம்.

ஒருநாள் புல்லுக்கு நடுவில் மணல் எழும்பியது. முறம் அகலத்தில் ஒரு குருவித் திருக்கை. பக்கத்திலேயே இன்னொன்று. அந்தப் பக்கம் இன்னும் சில. எல்லாம் பிறந்து அதிக நாள் ஆகாதவை. துரைசாமி சார் மேலே நின்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். அவருடைய குமிழி சீராகப் போய்க்கொண்டிருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அமலி அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு காப்பகத்து அதிகாரிகளிடமும், பக்கத்து மீனவர் ஊர்க் கூட்டத்துக்கும் போனாள். கூட்டத்தில் பேச்சு நீண்டது. அந்த வலை தங்கள் ஊர் வலை இல்லை என்றார்கள் சிலர். எங்கள் வயிற்றுக்கு யார் பதில் சொல்வது என்றார்கள் சிலர். இரண்டும் சரியான பேச்சுதான். கடைசியில், குட்டி போடும் மாதங்களில் அந்தத் திட்டையும் பாறை விளிம்பையும் விட்டு ஒதுங்கி வலை போடுவது என்று ஊரே ஒப்புக்கொண்டது. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

இறக்கை கிழிந்த அந்தத் தாயைத் திரும்பப் பார்த்தீர்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அன்று அவள் முதுகைப் படம் எடுக்க எங்களுக்குக் கை வரவில்லை. கிழிசல் ஆறிப்போயிருந்தால், இனிப் பார்த்தாலும் அவள்தானா என்று சொல்ல முடியாது.

அப்பா

அப்பா என்னோடுதான் இருக்கிறார். உக்கடத்தில், குளத்துக் காற்று வருகிற ஜன்னலுக்குப் பக்கத்தில் அவர் கட்டில். கடலை அவர் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார், வேளாங்கண்ணியில். ஒவ்வொரு பயணம் முடிந்து வந்ததும் படங்களைக் காட்டுவேன். ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

குட்டிகளின் படத்தைக் காட்டிய அன்று, அந்தப் பல்லடத்துக்காரர் பயந்து கிடந்தாரே, மறுபடி எப்படி இறங்கினார் என்று கேட்டார். கிணற்று விஷயத்தை அதுவரை நான் அவரிடம் சொல்லவில்லை. எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருந்தேன். அன்று சொன்னேன். படியில் நின்றதை, மேலே வந்து கேட்டவரை, பாதித் தண்ணீரை, மோட்டார் ஓடியதை, எல்லாவற்றையும்.

அப்பா இருமினார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அடி வரைக்கும் போனயா சாமி?”

“போனனுங்கப்பா.”

“அடியில கல்லா, மண்ணா?”

“கல்லுங்கப்பா. கெழக்கு மூலையில கைய வெச்சா மட்டும் சில்லுன்னு இருந்துச்சு.”

“அது ஊத்துக்கண்ணு” என்றார் அப்பா. போர்வையை இழுத்து மார்புவரை போர்த்திக்கொண்டார். “எத்தன மோட்டாரு போட்டாலும் வத்தாது.”